வால்டன் ஏரியும் நாள்குறித்த ஏடும்

தோரோ என்றவுடன் நம்மவர் நினைவிற்கு வருவது காந்தியடிகள் போற்றிய சட்டமறுப்புக் கட்டுரையே. அவ்வமெரிக்கர் பிறிதொரு வகையாலும் இன்றைய உலகிற்குப் பயன்படுகின்றார் என்பதைப் பலர் அறியார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரினரான தோரோ, 1845 முதல் 1847 வரை வால்டன் ஏரிக்கரையில் குடிலமைத்து வாழ்ந்தார். அவ்வேரியின் பனிக்கட்டி சென்னைவரை செல்வதாக எண்ணி வியந்து எழுதினார். அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842 இல் எழுந்த ஐஸ் ஹவுஸே இன்று சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது.

1854 இல் வெளிவந்த 'வால்டன்' நூலில், ஏரியின் பனி முற்றும் அகன்ற நாள்களையும் அவர் குறித்துள்ளார்: 1845 இல் ஏப்ரல் 1, 1847 இல் ஏப்ரல் 8, 1852 இல் ஏப்ரல் 18. நயம் நாடிப் படிப்போர் இவற்றைத் தாண்டிச் செல்வர். நாமும் முதன்முறை அவ்வாறே தாண்டினோம்.

மேலும், 1852 முதல் 1858 வரை நூற்றுக்கணக்கான செடிகள் முதற்பூ விட்ட நாள்களை எழுதி அட்டவணையாக்கினார். 1862 இல், 44 ஆம் வயதில், காசநோயால் மறைந்தார். பின்னாளில் அப்பணியை மேற்கொண்டவர் ஆல்பிரட் ஹாஸ்மர் என்னும் உள்ளூர்க் கடைக்காரர்! பதிவேட்டில் நேரமும் தேதியும் எழுதியே காலங்கழிக்கும் நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு இஃது ஓர் ஆறுதல்.

பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்டு பிரிமாக்கும் அவர் மாணவர் மில்லர்-ரஷிங்கும் இவ்வேடுகளைக் கொண்டு அதே ஊரில் மீண்டும் ஆராய்ந்தனர். 43 வகைச் செடிகள் தோரோ காலத்தினும் சராசரியாக 7 நாள் முந்திப் பூப்பதாக 2008 இல் வெளியிட்டனர். அவ்வட்டார வெப்பம் 2.4 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. நகரப் பெருக்கமும் அதற்கு ஒரு காரணம் என அவர்களே நேர்மையுடன் கூறினர். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம்மை வருத்துகின்றது. தோரோ காலத்துச் செடியினங்களுள் நூற்றுக்கு 27 அவ்வூரில் காணப்படவில்லை. வெப்பத்திற்கேற்பப் பூக்கும் நாளை மாற்றவியலாத இனங்களே பெரிதும் குன்றின.

நம் புலவர்களும் இத்தகையன காணாதவர் அல்லர். காலமல்லாக் காலத்து மழையைக் காரெனக் கருதிக் கொன்றை பூத்துவிட்டதென்று தோழி கூறும் கோவத்தனார் பாட்டு, குறுந்தொகையில் 66 ஆவதாக உள்ளது. ஆயின் எவ்வாண்டு, எந்நாள் என்பது அதில் இல்லை. பாட்டிற்கு அது வேண்டியதும் இல்லை.

நம் குடியிருப்பு வாயிலிலும் ஒரு கொன்றை நிற்கின்றது. சென்ற ஆண்டு ஏப்ரல் 22 இல் முதற்பூ விட்டது. இவ்வாண்டு ஏப்ரல் 17 இல். இரண்டாண்டுக் கணக்கு எதனையும் மெய்ப்பிக்காது. எனினும் எழுதி வருகின்றோம்.