நாழிகை: குழலிலிருந்து காலத்துக்கு

காஞ்சிபுரம் என்றதும் கோயிலும் தறியும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் காலத்தையும் தன்னுள் அடக்கிய ஒரு பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அது நாழிகை.

ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து எண்ணத் தொடங்குவது பழைய வழக்கம். ஒன்றரை மணி நேரம் என்று நாம் சொல்லும் இராகு காலம் மூன்றேமுக்கால் நாழிகையே.

இச்சொல் காலத்தைக் குறிக்கப் பிறந்ததன்று. நாழி என்பதற்கு உட்டுளை உடைய பொருள், குழல் என்பதே அடிப்படைப் பொருள். நெல் அளந்த நாழியும் அம்பு வைக்கும் தூணியைக் குறித்த நாழியும் இதன் வழிப்பட்டவை. வடமொழியில் நாடிகா, நாலிகா என்னும் வடிவங்கள் உள்ளன. நான்கு மாஷப் பொன்னை நான்கு அங்குல நீளமாக இழுத்த கம்பியின் பருமன் உள்ள துளை வழியே, ஓர் ஆடகம் நீர் குடத்திலிருந்து வடியும் நேரமே நாலிகை என அர்த்தசாஸ்திரம் இலக்கணம் கூறுகிறது. நீர் வடிந்த துளையின் பெயர் வடிந்த நேரத்துக்கு ஆயிற்று என்று கொள்ளலாம். முல்லைப்பாட்டில் பாசறை வேந்தனுக்கு நீர்க்கலத்தால் பொழுது அளந்து சொல்வோரைக் காண்கிறோம். சிலப்பதிகாரம் நாழிகைக் கணக்கரைக் குறிப்பிடுகிறது.

துருக்கி மொழியில் 'ஸாஅத்' என்னும் ஒரே சொல் மணி நேரத்தையும் கடிகாரத்தையும் குறிக்கும். அரபியிலிருந்து சென்ற அச்சொல் முதலில் காலத்தைக் குறித்துப் பின்னர் கருவிக்குப் பெயரானது. நம் சொல்லோ கருவியிலிருந்து காலத்துக்கு வந்தது.

நாழிகைக்கு இன்னொரு பெயர் கடிகை. குடம் என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. கடிகாரத்தில் இன்றும் வாழ்கிறது. காஞ்சியின் புகழ்பெற்ற உயர்கல்வி நிலையத்துக்கும் கடிகை என்றே பெயர். கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் அங்குக் கற்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. கல்விச்சாலைக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். எனினும் காலத்தின் பெயரும் கல்வியின் பெயரும் இவ்வூரில் ஒலியால் ஒன்றாயின என்பதில் ஐயமில்லை.

இனி கோயிலுக்கு வருவோம். சோழர் காலக் கல்வெட்டுகள் கருவறையை உண்ணாழிகை என்கின்றன. உள் + நாழிகை எனப் பிரியும் இச்சொல்லில் நாழிகை என்பது காலமன்று, உட்குழிந்த இடம். அங்குப் பணி செய்தோர் உண்ணாழிகையார்.

தறிக்கும் இச்சொல் உரியது. நெய்வார் கருவி என்ற பொருளையும் நம் அகராதிகள் நாழிகைக்குத் தருகின்றன. ஊடை நூலைச் சுமந்தோடும் நாடாவையும் அதனுள் கிடக்கும் தார்க்குழலையும் பார்த்தவர்க்கு இப்பொருள் வியப்பளிக்காது. உட்டுளை உடையதெல்லாம் நாழியே அல்லவா? காஞ்சியின் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒருவர் கை போதாமல் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. கருவறைக்குள் பூசைக்குக் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. முகூர்த்தத்துக்கும் நாழிகைக் கணக்கு உண்டு. அந்த முகூர்த்தத்துக்காகவே பட்டு நெய்யப்படுகிறது. நெய்பவருக்குக் கூலி சேலைக் கணக்கில்தான். இழை அறுந்து முடிந்த நேரமும், மழைக்காலத்தில் பாவு உலராமல் காத்திருந்த நேரமும், பக்கத்தில் அமர்ந்து கரை கோத்தவரின் நேரமும் அந்த ஒரே தொகைக்குள் அடங்கிவிடுகின்றன.

காலத்தின் பெயரைத் தன் கருவிக்கும் பெயராகக் கொண்ட தொழில் இது. ஆனால் அத்தொழில் செய்வோரின் நாழிகைகளை எண்ணும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை. சேலையின் விலையைக் கேட்கும்போது, அதில் எத்தனை நாழிகை என்றும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.