சன்னலும் முகமும்: ‘சாலோ’, ‘கம் அண்ட் சீ’ ஓர் ஒப்பாய்வு

அமெரிக்காவில் படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பவர்கள் ஜூலைக்காகவும் நவம்பருக்காகவும் காத்திருப்பார்கள். பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளில் கிரைட்டீரியன் நிறுவனத்தின் பட வெளியீடுகள் அப்போது பாதி விலைக்கு வரும். 39.95 டாலர் புளூரே இருபது டாலருக்குள் அடங்கிவிடும். முழு விலை கொடுத்து நாம் வாங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே மனதுக்குப் பிடித்துப்போன படத்தை. பார்க்கத் தயங்கித் தள்ளிவைத்த படத்தைக் கூடைக்குள் போட வைப்பது தள்ளுபடிதான். அப்படி ஒரே கூடையில் வந்து சேரக்கூடியவை இத்தாலிய இயக்குநர் பசோலினியின் ‘சாலோ’வும் (1975) சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’யும் (1985). கிரைட்டீரியன் வரிசையில் முன்னதன் எண் 17. பின்னதன் எண் 1035. இடைவெளி ஆயிரத்துக்கும் மேல் என்றாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எண்கள் காட்டாத ஓர் உறவு புலப்படுகிறது.

முதலில் விலையின் கதை. ‘சாலோ’ 1998இல் டிவிடியாக வந்து, விரைவிலேயே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதன்பின் பழைய பிரதி ஒன்று நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறியது. போலிப் பிரதிகளும் கிளம்பின. 2008இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் அது மற்றப் படங்களைப் போல ஒரு படமானது. ‘கம் அண்ட் சீ’க்கோ இந்த வரிசையில் இடம் கிடைக்க 2020 வரை ஆயிற்று. ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் நிறுவனம் புதுப்பித்த பிரதி 2017இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றதற்குப் பிறகே அது நடந்தது. ஒன்று அரிய பொருளாகிப் பின் எளிதில் கிடைப்பதாயிற்று. மற்றது நெடுநாள் காத்திருந்து கைக்கு வந்தது. இதில் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று உண்டு. புளூரே டிஸ்க்குகள் உரிய மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டப்படுவதுண்டு; இவற்றின் அமெரிக்கப் புளூரே ‘ஏ’ மண்டலத்துக்கு உரியது. இத்தாலி ‘பி’ மண்டலம், ரஷ்யாவும் பெலாரஸும் ‘சி’ மண்டலம். ஆகவே இரண்டு டிஸ்க்குமே தத்தம் படம் பிறந்த நாட்டின் பிளேயரில் ஓடாதவை. இந்தியாவும் ‘சி’ மண்டலம்தான். இந்த விஷயத்தில் சென்னையும் மின்ஸ்கும் ஒரே நிலையில் இருக்கின்றன.

படங்களின் வேரைத் தோண்டினால் உறவு இன்னும் நெருங்குகிறது. ‘சாலோ’வின் மூலம், பாஸ்டில் சிறையில் 1785இல் பிரெஞ்சு எழுத்தாளர் சாத் எழுதிய கற்பனை; பசோலினி அதை முசோலினியின் கடைசி நாட்களுக்கு நகர்த்தி, அதிகாரத்தில் இருப்பவர்கள் இளைஞர்களை ஒரு மாளிகையில் அடைத்து வதைக்கும் கதையாக்கினார். ‘கம் அண்ட் சீ’யின் மூலம், இரண்டாம் உலகப் போரில் எரிக்கப்பட்ட பெலாரஸ் ஊர்களில் தப்பிப் பிழைத்தவர்களின் வாய்மொழி; திரைக்கதையில் பங்குகொண்ட அலெஸ் அதமோவிச் சிறுவயதிலேயே கெரில்லாப் படையில் இருந்தவர். ஒன்று ஏட்டிலிருந்து வந்தது, மற்றது நாவிலிருந்து வந்தது. ஆனால் ‘சாலோ’வின் தொடக்கத்தில் சாலையோரம் ‘மார்சபோத்தோ’ என்று ஒரு பெயர்ப்பலகை தெரியும். 1944இல் நாஜிகள் 700க்கும் மேற்பட்டோரைக் கொன்று குவித்த ஊர் அது. ‘கம் அண்ட் சீ’யின் பின்னணியில் இருப்பது ஹதின், 1943 மார்ச் 22 அன்று 149 பேர் கொல்லப்பட்ட ஊர், அவர்களில் 75 பேர் குழந்தைகள். ஏட்டுப் படமும் ஊர்ப் பெயர் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் மாளிகைக்குள் நுழைகிறது.

இயக்குநர்கள் இருவருமே போரைத் தம் வீட்டில் கண்டவர்கள். பசோலினியின் தம்பி கெரில்லாப் போராளியாக இருந்து 1945இல் பத்தொன்பது வயதில் கொல்லப்பட்டார். ஒன்பது வயதுக் கிளிமோவ், ஸ்டாலின்கிராட் எரிந்துகொண்டிருக்க வோல்கா நதியைக் கடந்து தப்பியவர். இருவருக்கும் இதுவே கடைசிப் படமும் ஆயிற்று. பசோலினி 1975 நவம்பர் 2 அன்று கொலையுண்டார். மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் ‘சாலோ’ திரையிடப்பட்டது. கிளிமோவ் 2003 வரை வாழ்ந்தும் வேறு படம் எடுக்கவில்லை. ஒருவரை மரணம் நிறுத்தியது. மற்றவர் தாமே நிறுத்திக்கொண்டார்.

வேற்றுமை கேமராவில்தான் கூர்மையாகிறது. ‘சாலோ’வின் கேமரா தள்ளி நிற்கும். அறைகள் அளந்து வைத்தாற்போலச் சமச்சீராக இருக்கும். துன்புறுபவர்களை ஆட்களாக நாம் அறிவதற்குள் காட்சி நகர்ந்துவிடும். ‘கம் அண்ட் சீ’யின் கேமரா சிறுவன் ஃப்ளியோராவின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த முகம் நேராக நம்மையே பார்க்கும். இரண்டரை மணி நேரத்துக்குள் கிழடு தட்டிவிடும்.

இரண்டு காட்சிகளை அருகில் கொண்டுவந்து பார்ப்போம். ‘சாலோ’வின் முடிவில் முற்றத்தில் சித்திரவதை நடக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் மாறி மாறிச் சன்னலோர நாற்காலியில் அமர்ந்து பைனாகுலரில் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் பைனாகுலர் தலைகீழாகத் திருப்பப்படுகிறது. கொடுமை சிறுத்து, எங்கோ தொலைவில் நடக்கும் பொம்மலாட்டம் போலாகிறது. ‘கம் அண்ட் சீ’யில் ஃப்ளியோரா தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அடுப்பில் சூப்பு இன்னும் ஆறவில்லை, தரையில் பொம்மைகள், எங்கும் ஈக்களின் ரீங்காரம். ஆட்கள் ஒளிந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அவன் ஓடுகிறான். பின்னால் ஓடும் தோழி கிளாஷா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் உடல்கள் குவிந்து கிடக்கின்றன. அவன் திரும்பவே இல்லை. ஒரு படத்தில் கொடுமையைச் சாவகாசமாகப் பார்க்கும் கண்; மற்றதில் பார்க்க முடியாமல் ஓடும் கண். இரண்டுமே பார்த்தலைப் பற்றிய படங்கள்.

காதின் கதையும் அப்படித்தான். முற்றத்தின் அலறல் நம்மை எட்டாமல் ‘சாலோ’ அடைத்துவிடுகிறது, கேட்பது வானொலிதான். குண்டு வெடித்துச் செவி அடைத்துப்போன ஃப்ளியோராவின் இரைச்சலுக்குள் நம்மையும் தள்ளுகிறது ‘கம் அண்ட் சீ’. முன்னது கொடுமை செய்பவனின் காதை நமக்குப் பொருத்துகிறது, பின்னது பட்டவனின் காதை.

படப்பிடிப்புத் தளத்தை ஒப்பிட்டால் வியப்பு கூடுகிறது. ‘சாலோ’வில் மலம் என்று காட்டப்பட்டது சாக்லேட்டும் ஆரஞ்சு மர்மலேடும் கலந்த கலவை. ‘கம் அண்ட் சீ’யில் சுடப்பட்டவை உண்மையான தோட்டாக்கள், பதின்வயது நடிகர் கிராவ்சென்கோவின் தலைக்கு மேல் அவை பறந்தன. உலகம் விரட்டிய படத்தில் எல்லாம் போலி. மாஸ்கோ விழாவில் தங்கப் பரிசு பெற்ற படத்தில் ஆபத்து நிஜம். இயக்குநரின் அறத்தைப் பற்றி விவாதிப்பவர்கள் வழக்கமாகப் பசோலினியைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். இந்த ஒரு கேள்வியில் கிளிமோவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

தடையின் கதைகளும் எதிரெதிரானவை. கிளிமோவின் படத்துக்கு வாசலிலேயே பூட்டு: சோவியத் அதிகாரிகள் திரைக்கதையை ஏறத்தாழ எட்டாண்டு முடக்கினார்கள், எடுத்து முடித்த பின் அது கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. பசோலினியின் படம் தடையின்றி எடுக்கப்பட்டது. பிறகு நாடு நாடாகக் கதவுகள் சாத்தப்பட்டன. பிரிட்டன் 2000இல்தான் வெட்டின்றி அனுமதித்தது. ஆஸ்திரேலியா 1976இல் தடைசெய்து, 1993இல் விட்டு, 1998இல் மீண்டும் தடுத்து, 2010இல் டிவிடிக்கு அனுமதி தந்தது. அனுமதிக்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: டிஸ்க்கில் படத்தோடு 176 நிமிடக் கூடுதல் விளக்கப் படங்கள் இருந்தன. படமோ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதாவது படத்தைக் காப்பாற்றியது அதைச் சுற்றியிருந்த விவாதமே. ‘கம் அண்ட் சீ’ டிஸ்க்கும் இதையே வேறு வழியில் செய்கிறது: பிழைத்தவர்களின் சாட்சியங்களை 1975 முதல் 1977 வரை விக்டர் தாஷுக் படமாக்கிய மூன்று ஆவணப்படங்கள் அதில் உண்டு. டிஸ்க்கின் ‘எக்ஸ்ட்ரா’ பகுதியை அலங்காரம் என்று தள்ளிவிடுபவர்கள் இந்த இரண்டையும் கருத வேண்டும்.

விவாதத்தை ‘சாலோ’ தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியலைத் திரையில் காட்டும். அதில் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் பெயரும் உண்டு. அதே பார்த் 1976இல் படத்தைக் கண்டித்து எழுதினார்: பாசிசத்தை உண்மையற்றதாக்கியதும் சாத்தை உண்மையாக்கியதும் தவறு என்பது அவர் வாதம். வலுவான வாதம்தான். மாளிகைக்குள் மட்டும் இருந்துகொண்டு பாசிசத்தை அறிய முடியாது. ஆனால் ‘கம் அண்ட் சீ’யை மட்டும் பார்த்தவருக்கு, கொடுமை வெளியிலிருந்து வண்டியேறி வரும் ஒன்று என்ற எண்ணம் தங்கிவிடலாம். நாற்காலியில் அமர்ந்து ரசிப்பவனும் குற்றவாளியே என்பதைச் சொல்லப் பசோலினி தேவைப்படுகிறார்.

முடிவுகளில்தான் இரண்டும் மிக நெருங்கி வருகின்றன. ஹிட்லரின் படத்தைச் சுட்டுக்கொண்டே போகிறான் ஃப்ளியோரா. வரலாறு பின்னோக்கி ஓடி, தாயின் மடியில் இருக்கும் குழந்தை ஹிட்லரில் வந்து நிற்கிறது. அவனால் சுட முடியவில்லை. ‘சாலோ’வில் இரு இளம் காவலர்கள் வானொலியைத் திருப்பி, கைகோத்து ஆடுகிறார்கள். உன் காதலியின் பெயர் என்ன என்று ஒருவன் கேட்க, ‘மார்கெரித்தா’ என்கிறான் மற்றவன். இரண்டு நரகங்களும் ஒரு மென்மையில் முடிகின்றன. அங்கே மென்மை ஒரு விரலைத் தடுக்கிறது. இங்கே அது எதையும் தடுக்கவில்லை.

என் தீர்ப்பு இது: இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதாக இருந்தால் ‘கம் அண்ட் சீ’, இரண்டையும் வாங்கினால் அதையே முதலில் பாருங்கள். அந்த முகத்தை அறிந்த பிறகுதான் ‘சாலோ’வின் சன்னல் எவ்வளவு பெரிய குற்றம் என்பது உறைக்கும். இடையில் சில நாள் விட்டுவிடுங்கள். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் இரண்டையும் உயரமான தட்டில் வையுங்கள். பார்த்து முடித்ததும் படம் நல்லதா கெட்டதா என்ற தர்க்கத்துக்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எங்கே உட்கார்ந்து பார்த்தேன்? பெலாரஸில் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட ஊர்கள் 628 என்று கிளிமோவின் படம் சொல்லி முடிகிறது. ஹதின் மறுபடி கட்டப்படவே இல்லை. அந்த இடத்தில் இன்று இருப்பது நினைவிடம்.