பத்தாண்டுக் கெடுவும் ஐம்பதாண்டுத் தாமதமும்: கட்டாயக் கல்வி வாக்குறுதி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்றது. அக்கெடு 1960இல் முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்ரல் முதல் நாளில்தான். இத்தாமதத்திற்கு வறுமையையும் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் காரணங்களாகக் கூறுவர். அவை மெய்யான காரணங்களே. எனினும், வாக்குறுதி உருவான முறையிலேயே அதன் தோல்விக்கான வித்தும் இருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கோகலேயின் மசோதா

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1893இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதனை முறையில் தொடங்கி, 1906இல் சமஸ்தானம் முழுமைக்கும் விரிவுபடுத்தினார். இம்முன்மாதிரியை அறிந்திருந்த கோபால கிருஷ்ண கோகலே, 1911 மார்ச் 16இல் பேரரசுச் சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவை முன்வைத்தார். நாடு முழுவதும் ஒரே காலத்தில் கல்வியைக் கட்டாயமாக்குமாறு அவர் கேட்கவில்லை. குறிப்பிட்ட விழுக்காட்டுச் சிறுவர்கள் ஏற்கெனவே பள்ளிக்கு வரும் இடங்களில் மட்டும், அரசின் இசைவுடன் உள்ளாட்சி அமைப்புகள் இதனைச் செயற்படுத்தலாம். வயது வரம்பு 6 முதல் 10. செலவில் ஒரு பங்கு உள்ளாட்சியுடையது, இரு பங்கு அரசினுடையது என்பன அவர் திட்டத்தின் கூறுகள். எங்கே தொடங்குவது, யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருந்தது. 1912இல் அது 13க்கு 38 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றது.

சுருங்கிய காலவரம்பு

1944இல் வெளிவந்த சார்ஜண்ட் அறிக்கை, அனைவருக்கும் கல்வி என்னும் இலக்கை எட்ட நாற்பது ஆண்டுகள் தேவை எனக் கணக்கிட்டது. அது மிக நீண்ட காலம் என்ற எதிர்ப்பு எழுந்தது. பி.ஜி. கேர் தலைமையிலான குழு அதனைப் பதினாறு ஆண்டுகளாகக் குறைத்தது. மத்திய அரசு தன் வருவாயில் 10 விழுக்காட்டையும், மாகாண அரசுகள் 20 விழுக்காட்டையும் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசியலமைப்போ காலத்தைப் பத்தாண்டாக மேலும் சுருக்கியது. நிதி விகிதம் எதனையும் அது குறிப்பிடவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23இல் நடந்த விவாதம் இங்குக் கருதத்தக்கது. வரைவில் இருந்த, குடிமக்கள் இலவசத் தொடக்கக் கல்விக்கு உரிமையுடையவர்கள் என்னும் பொருள்படும் தொடர், இலட்சுமி காந்த மைத்ராவின் திருத்தத்தால் நீக்கப்பட்டது. கட்டாயத்தைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்தலாம் என்ற நசீருதீன் அகமதுவின் கருத்தை அம்பேத்கர் மறுத்தார். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தால், அவ்வயதுவரை அவர்கள் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இலக்கு தெளிவாகவே இருந்தது. ஆனால் உரிமை என்னும் சொல் நீங்கியதால், அது நீதிமன்றத்தின் வழி வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறியாகவே நின்றது.

நிதியும் பொறுப்பும்

முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் கல்விக்கென ஒதுக்கிய தொகையில் ஏறத்தாழ 56 விழுக்காடு தொடக்க நிலைக்குச் சென்றது. இரண்டாம் திட்டத்தில், அதாவது கெடு நெருங்கிய காலத்தில், அது ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறைந்தது. மேலும், 1976ஆம் ஆண்டுத் திருத்தம்வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆகவே வாக்களித்தது நாடு; நிறைவேற்றும் சுமை மாநிலங்களுடையது. 1951இல் ஏறத்தாழ 18 விழுக்காடாக இருந்த எழுத்தறிவு 1961இல் 28 விழுக்காட்டையே எட்டியது.

இதன்பின் கெடுக்கள் தொடர்ந்து தள்ளிப்போயின. கோத்தாரி ஆணையம் (1964–66) ஐந்தாண்டுக் கல்விக்கு 1975–76ஐயும் ஏழாண்டுக் கல்விக்கு 1985–86ஐயும் குறித்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை 1990, 1995 என இரு கெடுக்களை வைத்தது. ஒவ்வொரு முறையும் ஆண்டு மாறியது. கோகலேயின் மூன்று வினாக்கள் அப்படியே நின்றன.

சென்னை மாநிலத்தின் வழி

இக்காலத்தில் சென்னை மாநிலத்தில் காமராசர் அரசு மேற்கொண்ட பணி ஒப்புநோக்கத்தக்கது. 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஊரார் நன்கொடையாலும் பின்னர் அரசு மானியத்தாலும் வளர்ந்தது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கட்டடம், தளவாடம் ஆகியவற்றின் பொறுப்பை ஊர் மக்களோடு பகிர்ந்தன. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்துவிட்டனர் என்று இதனால் கொள்ள இயலாது. ஆயினும், பசித்த குழந்தை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்ற வினாவிலிருந்து இம்முயற்சி தொடங்கியது என்பதே இதன் சிறப்பு.

முடிவுரை

திட்டமற்ற வாக்குறுதி முற்றிலும் வீண் எனவும் முடிவு கட்ட இயலாது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், வழிகாட்டு நெறிகளுள் 45ஆம் பிரிவுக்கு மட்டுமே காலவரம்பு உண்டு என்பதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தமும் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. எழுத்தில் நின்ற கெடு, அதனை மீறிய அரசுகளுக்கு எதிரான சான்றாயிற்று. ஆனால் 1960இல் பள்ளி செல்ல வேண்டிய வயதில் இருந்த குழந்தைக்கு 2010இல் ஐம்பது வயது கடந்திருந்தது. செயல்திட்டமில்லா வாக்குறுதியின் விலையை அளந்தறிய இக்கணக்கே போதுமானது எனலாம்.