வெள்ளணுவுக்கு வருணம் உண்டோ?

காய்ச்சல் கண்டால் தலைவிதி என்பர், தாயத்தைத் தேடுவர். அது உடலுக்குள் நடக்கும் போர் என்று காட்டிற்று அறிவியல். 1882-இல், சிசிலித் தீவின் மெசினா நகரில், அறிஞர் இல்யா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் காலை, நடமாடும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன! கிருமியை விழுங்கும் வெள்ளணுவை உலகுக்கு உணர்த்திய அவர், 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நுரையீரலில் கிருமி புகுந்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் முந்தி விரைகின்றன, விழுங்குகின்றன, மடிகின்றன. கோழையின் மஞ்சள் நிறம் அந்த மடிந்த வீரர்களின் சுவடே. பின்வரும் லிம்போசைட்டுகள் எதிர்ப்பொருளை ஆக்குகின்றன; பகையை நினைவில் வைக்கின்றன.

இப்படை எல்லார் குருதியிலும் ஒன்றே. எனினும், 1918-இல் இன்ஃபுளூயன்சா பம்பாயைச் சூறையாடியபோது, ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் மாண்டனர். தாழ்த்தப்பட்ட இந்துக்களிலோ 61 பேருக்கு மேல்! விதியா இது? வெள்ளணு சாதி பார்க்கவில்லை. பசியும் நெரிசலும் மருத்துவமின்மையும் சாதியின் வழியே வந்தன.

கிளியனூர்த் தோழனே! மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் குழந்தைக்கு மூச்சு இரைத்தால், மந்திரிப்பவனிடம் அல்ல, மருத்துவமனைக்குத் தூக்கிச் செல். அதன் குருதியில் படை உண்டு. அப்படைக்குச் சோறும் தடுப்பூசியும் தருவது சமுதாயத்தின் கடன். அதைக் கேட்டுப் பெறுவது உன் கடன்!