கொடுமணல்

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில் உள்ள சிற்றூர். சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. சங்க காலத்தில் கைவினைக்குப் பெயர்பெற்ற கொடுமணம் இதுவே என்பது தொல்லியல் அறிஞர்களின் முடிவு.

பெயர்

பதிற்றுப்பத்தில் கொடுமணம் இரண்டு பாடல்களில் வருகிறது. 67ஆம் பாடலில் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடும் கபிலரும், 74ஆம் பாடலில் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் அரிசில் கிழாரும் இவ்வூரைக் குறிக்கின்றனர். இரு பாடல்களிலும் பந்தர் என்னும் ஊரின் முத்தோடு சேர்த்தே கொடுமணத்தின் அருங்கலங்கள் பேசப்படுகின்றன. இடையே கழிந்த ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளில் இப்பெயர் இழந்தது ஓர் ஈற்றெழுத்தை மட்டுமே: மணம், மணல் ஆயிற்று. ஆற்றங்கரை ஊருக்குப் புதிய ஈறும் இயல்பாகப் பொருந்திவிட்டது.

அகழாய்வு

1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரின் ஆய்வுகள் இவ்வூரை உலகறியச் செய்தன. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் பணியைத் தொடர்ந்தன. வாழ்விடப் பகுதியை ஒட்டி, கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் நிறைந்த ஈமக்காடு உள்ளது.

தொழிலும் வணிகமும்

இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்த தடயங்களும் கிடைத்துள்ளன. பச்சைக்கல், பளிங்கு, நீலக்கல், சூதுபவளம் ஆகியவற்றில் முடிந்த மணிகளோடு, துளையிடாதவையும் பாதியில் நின்றவையும் உடைந்த சில்லுகளும் கிடைத்திருப்பதால், மணிகள் இங்கேயே செய்யப்பட்டவை என்பது உறுதியாகிறது. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் கிடைத்தது; சூதுபவளம் குஜராத் பகுதியிலிருந்து வந்தது. கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்குச் சென்ற பெருவழியில் அமைந்ததால், மூலப்பொருள் வருவதற்கும் அணிகலன் செல்வதற்கும் ஊர் வாய்ப்பாக இருந்தது.

எழுத்து

தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள் கொடுமணலின் தனிச்செல்வம். அவற்றுள் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் போன்றவை குறிப்பிடத்தக்கவை. வாழியாதன் என்ற சேர வேந்தன் பெயரில் நிற்கும் ஆதன், இங்கே ஒரு பானையிலும் நிற்கிறது. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் கிடைத்துள்ளது. வேந்தர் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஏடு காத்தது. ஊரில் புழங்கிய எளியவர்களின் பெயர்களை ஓடு காத்தது.