மாரடைப்பு

மார்பைக் குறிக்கும் ‘மார்’, ‘அடை’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘அடைப்பு’ ஆகிய இரண்டும் சேர்ந்தது மாரடைப்பு. நோயாளி உணரும் நெஞ்சடைப்பையும், இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனி அடைபடுவதையும் ஒருசேரச் சுட்டுவதால் இது நல்ல சொல். ஆனால், திடீரென ஒருவர் சுருண்டு விழுந்தாலே மாரடைப்பு என்பது பொருந்தாது. இதயம் இரத்தத்தை இறைக்காமல் நின்றுபோவது இதயநிறுத்தம். மாரடைப்பு குழாயில் நேரும் தடை; இதயநிறுத்தம் துடிப்பே நின்றுபோகும் நிலை.

முன்னது பின்னதற்குக் காரணமாகலாமே, உயிர் ஊசலாடும்போது சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். செய்ய வேண்டியது மாறுவதால்தான் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடிருப்பார். நெஞ்சு அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை தோன்றும். அவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதயநிறுத்தத்தில் நினைவு இராது, இயல்பான மூச்சும் இராது. 108ஐ அழைத்துவிட்டு, நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். நெஞ்சுவலி இல்லையென்றால் மாரடைப்பு இல்லை என்று பெயரை வைத்து முடிவுகட்டவும் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியின்றியும் அது வரலாம். இரண்டு நிலைகளையும் இரண்டு பெயர்களால் அழைக்கப் பழகினால், அருகில் இருப்பவரின் கை தயங்காமல் சரியான உதவியைச் செய்யும்.