ஐம்பது சொற்கள்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் வேலையோடு சேராத ஒரு வேலையும் உண்டு. பிறருக்காகப் படிவம் எழுதுவது. பென்ஷன் வாங்க வரும் கிழவிகள், பூ விற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேருக்காவது சலான் எழுதிக் கொடுக்காமல் என் வரிசை நகர்ந்ததில்லை. பெயர், இருப்பிடம், தொழில், பிறந்த ஊர், பிறந்த வருஷம். கேட்கப்படுவது எதுவும் அவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அதைக் கட்டத்துக்குள் இறக்கத்தான் இன்னொருவன் கை வேண்டியிருக்கிறது. கைநாட்டு வைப்பவர் என்பதற்காக யாருடைய பணத்தையும் நாங்கள் வேண்டாமென்று சொன்னதில்லை. அந்த மட்டில் நாகரிகமானவர்கள்.

ஏறக்குறைய இதே படிவத்தைத் தன் கையாலேயே, ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில், எழுதித் தர முடியாதவன் கரையில் கால் வைக்கக்கூடாது என்று 1897-ல் ஒரு சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலில். வெளிநாட்டுக்கு விஸா கேட்பவர்கள் இன்று எழுதும் ஆங்கிலத் தேர்வுகளின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனதில் நான் போய் நின்ற இடம் அது. தேட வைத்தவள் என் தங்கை. அவள் நர்ஸ். பிரிட்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஆங்கிலத் தேர்வு மட்டும் பாக்கி நின்றது. வீட்டில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன். படித்ததற்கு இப்படி ஒரு பிரயோஜனம் ஏற்படும் என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. அவளைப் பற்றிப் பிறகு.

நேட்டாலுக்கு முதல் கூலிக் கப்பல் போனது சென்னையிலிருந்து. 'ட்ரூரோ' என்ற அந்தக் கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அவர்களில் எவரையும் என்ன மொழி எழுதத் தெரியும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. கரும்பு வெட்டுவதற்குக் கை போதும். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே காய்கறி பயிரிட்டார்கள், கூடையில் சுமந்து விற்றார்கள். பின்னாலேயே சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த வணிகர்கள், பெரும்பாலும் குஜராத்திகள், கடை வைத்தார்கள். 1890-களின் நடுவில் இந்தியர் தொகை வெள்ளையர் தொகையை எட்டிவிட்டது. கரும்பு வெட்டுகிற இந்தியன்மேல் வெள்ளைக்காரனுக்கு வருத்தம் இல்லை. எதிரில் கடை திறந்த இந்தியன்மேல்தான்.

1896 டிசம்பரில் 'கோர்லாண்ட்', 'நாதேரி' என்ற இரண்டு கப்பல்கள் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. காந்தி தம் குடும்பத்தோடு முதல் கப்பலில் இருந்தார். பம்பாயில் பிளேக் என்ற காரணத்தைச் சொல்லி மூன்று வாரத்துக்கு மேல் யாரையும் இறங்க விடவில்லை. கடைசியில் 1897 ஜனவரி 13 அன்று இறங்கிய காந்தியை ஒரு கூட்டம் அடித்ததும், போலீஸ் சூப்பிரண்டின் மனைவி தன் குடையோடு குறுக்கே வந்து காப்பாற்றியதும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டவை. பாடத்தில் வராதது அதற்குச் சற்று முன் நடந்தது. அட்டர்னி ஜெனரல் ஹாரி எஸ்கோம்ப் துறைமுகத்துக்கு வந்து கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னார். சட்டசபை சீக்கிரம் கூடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொடுத்த வாக்கு. கூட்டம் கல்லால் செய்ய நினைத்ததைச் சட்டம் காகிதத்தால் செய்யும் என்பது இதன் பொருள். எஸ்கோம்ப் முரடர் அல்ல. 1894-ல் காந்தியின் வக்கீல் விண்ணப்பத்தை நேட்டால் கோர்ட்டில் சமர்ப்பித்தவரே அவர்தான். இந்த மாதிரிக் காரியங்களுக்கு நாசூக்கானவர்கள்தான் வேண்டும்.

அவர் வாக்குத் தவறவில்லை. சில மாதங்களில் குடியேற்றத் தடைச் சட்டம் நிறைவேறியது. வருகிறவன் காலனிச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாதிரி விண்ணப்பம் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருந்தது. முழுப் பெயர், கடந்த பன்னிரண்டு மாதம் வசித்த இடம், தொழில், பிறந்த ஊர், பிறந்த வருஷம். அதாவது என் கவுண்டரில் இருக்கும் படிவம். ஐரோப்பிய மொழி எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவே.

சட்ட வாசகத்தில் இந்தியன் என்ற சொல் இல்லை. ஆசியா இல்லை. நிறம், இனம் எதுவும் இல்லை. நம் அகப்பாட்டுக்காரர்கள் வயலில் எருமை தாமரையைத் தின்றது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பரத்தை வீட்டுக்குப் போய்வந்த தலைவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. புரிய வேண்டியவளுக்குப் புரியும். உள்ளுறை என்று இதற்குப் பெயர் வைத்தோம். எஸ்கோம்பின் சட்டம் அந்த ஜாதி. துறைமுகத்து அதிகாரிக்கு யாரிடம் விண்ணப்பம் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது என்பது புரியும். ஒரே வித்தியாசம், பாட்டில் உள்ளுறை சொல்பவளின் மானத்தைக் காப்பாற்றுகிறது. இங்கே அது அடிப்பவனின் மானத்தைக் காப்பாற்றுகிறது.

லண்டனில் இதை முழுதாக ரஸித்தவர் காலனிகளின் மந்திரி ஜோசஃப் சேம்பர்லேன். அதே 1897-ல், விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்கு வந்திருந்த காலனிப் பிரதமர்களிடம் பேசும்போது, நேட்டாலைப் பாருங்கள் என்றார். ஆசியர்களைத் தடுக்க விரும்புவது நியாயமே. ஆனால் ராணியின் இந்தியப் பிரஜைகள் மனம் புண்படாத ஒரு சொற்சேர்க்கையைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. அவர் கவலை சொற்களைப் பற்றியது.

இனி இந்தச் சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். அரசாங்கம் ஒப்புக்கொண்ட திட்டப்படி வருகிறவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஒப்பந்தக் கூலிகள் அந்த விலக்கில் அடங்கினார்கள். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் 1911 வரை போய்க்கொண்டிருந்தன, எழுத்தே தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு. ஒருவனைச் சரக்காகக் கொண்டுபோனால் மொழி கேட்க மாட்டார்கள். அவனே தன் காலால் நடந்து வந்தால் கேட்பார்கள்.

காந்தி இதை எப்படி எதிர்கொண்டார் என்பது எனக்கு இன்னும் சங்கடமான விஷயம். ட்ரான்ஸ்வால் 1907-ல் இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்தபோது அவர் வைத்த கோரிக்கை, சட்டத்தில் இனத்தின் பேரால் தடை இருக்கக்கூடாது என்பது. படித்த இந்தியர்கள் வருஷத்துக்கு ஆறு பேர் வந்தால் போதும்; அந்த எண்ணிக்கையை அதிகாரிகள் தேர்வு நடத்தும் விதத்தாலேயே கட்டுப்படுத்திக்கொள்ளட்டும் என்றுகூட 1909-ல் லண்டனில் விட்டுக்கொடுத்துப் பேசினார். வாசகத்தில் அவமானம் கூடாது, நடைமுறையில் வேண்டுமானால் பொறுக்கலாம். சேம்பர்லேனும் காந்தியும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிரதானம் வாசகம். ஒருவர் அதைத் திரையாக நினைத்தார், மற்றவர் பிற்காலத்துக்கான பிடிமானமாக. காந்தி சொன்னதில் ஒரு வக்கீலின் தீர்க்கதரிசனம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏழாவது ஆள் என்ற ஒருவனை என்னால் மறக்க முடிவதில்லை.

கேப் காலனியில் வேறு தமாஷ். 1902-ல் அங்கு வந்த சட்டமும் ஐரோப்பிய மொழி கேட்டது. ருஷ்ய சாம்ராஜ்யத்திலிருந்து வந்த யூதர்கள் இத்திஷ் எழுதினார்கள். பேச்சு ஜெர்மன் வம்சம், எழுத்து ஹீப்ரு. இது ஐரோப்பாவா இல்லையா? 1906-ல் புதுச் சட்டம் இத்திஷும் ஐரோப்பிய மொழியே என்று ஒப்புக்கொண்டது. மொழியியல்காரர்கள் முடிவு செய்ய வேண்டியதைக் குடியேற்ற இலாகா முடிவு செய்தது.

இந்தக் கலையை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனது ஆஸ்திரேலியா. காமன்வெல்த்தாக ஒன்றுசேர்ந்த அதே 1901-ல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. அதிகாரி வாசிக்க வாசிக்க, ஐம்பது சொல் கொண்ட ஒரு பத்தியை வந்தவன் எழுத வேண்டும். மசோதாவில் முதலில் ஆங்கிலம் என்றே இருந்தது. அப்புறம் யோசித்தார்கள். ஆங்கிலம் படித்த இந்தியனோ ஜப்பானியனோ தேறிவிட்டால்? அதனால் 'ஒரு ஐரோப்பிய மொழி' என்று மாற்றினார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு ஃப்ரெஞ்சு, ஃப்ரெஞ்சும் தெரிந்தவனுக்கு வேறொன்று. ஜப்பான் ஆட்சேபித்ததால் 1905-ல் 'ஐரோப்பிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விதிக்கப்பட்ட மொழி' என்று போட்டார்கள். அப்படி ஒரு மொழியும் விதிக்கப்படவில்லை. பழைய ஏற்பாடே நடந்தது. மறுபடியும் வாசகம்தான்.

1902, 1903 இரண்டு வருஷத்திலும் தேர்வு எழுதியவர்கள் 805 பேர், தேறியவர்கள் 46. 1904 முதல் 1909 வரை 554 பேரில் 6. அதற்குப் பிறகு ஒருவரும் தேறவில்லை. பத்திகளை இலாகாவே தயாரித்து அனுப்பும். புலியையும் சிங்கத்தையும் ஒப்பிடும் ஒரு பத்தி இன்னும் கிடைக்கிறது. சாதாரணப் பள்ளிக்கூட நடை. யாரோ ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். ஒருவரும் தேறக்கூடாத தேர்வுக்காகச் சொற்களை ஐம்பதாக எண்ணி எண்ணி எழுதிய அந்த ஆளை, தொழில் காரணமாகவோ என்னவோ, நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1934-ல் எகான் எர்வின் கிஷ் வந்தார். ப்ராக் நகரத்துக்காரர், ஜெர்மனில் எழுதிய பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட். யுத்தத்துக்கும் ஃபாஸிஸத்துக்கும் எதிரான ஒரு மகாநாட்டில் பேச வந்தவரைக் கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். மெல்போர்னில் அவர் மேல்தட்டிலிருந்து 18 அடி கீழே துறைமேடையில் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். தூக்கிக் கப்பலில் போட்டு ஸிட்னிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீதிபதி எவாட் விடுவிக்க உத்தரவிட்டதும், கரையில் வைத்து டிக்டேஷன். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த மனிதர் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியைத் தேடிப் பிடித்தார்கள். பத்தி பைபிளில் ஏசு சொல்லிக்கொடுக்கும் ஜபத்திலிருந்து. கிஷ் எழுத மறுத்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனை. மேல் விசாரணையில், வாசித்த போலீஸ்காரருக்கே அந்த ஜபத்தைச் சரியாக மொழிபெயர்க்க முடியவில்லை என்று தெரிந்தது. அந்த டிசம்பரில் ஹைகோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், ஸ்காட்டிஷ் கேலிக் இந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. கிஷ் தப்பினார். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத்தான் கோபம், பத்திரிகைக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். ஒரு மொழியை ஆள் பிடிக்கும் வலையாக உபயோகித்ததற்கு அல்ல, அது மொழியில்லை என்று சொன்னதற்கு. தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த மனோபாவத்தை விளக்க வேண்டியதில்லை. டிக்டேஷன் 1958-ன் சட்டத்தோடுதான் ஒழிந்தது.

அமெரிக்கா இதில் கொஞ்சம் நேர்மையானது எனலாம். மூன்று ஜனாதிபதிகள் நிராகரித்த பிறகு 1917-ல் நிறைவேறிய சட்டம் முப்பது நாற்பது சொற்களை வாசிக்கச் சொன்னது, அவரவருக்குத் தெரிந்த எந்த மொழியிலும். தமிழிலும் வாசித்திருக்கலாம். ஆனால் அதே சட்டம் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும் பகுதியைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டது. அங்கே உள்ளுறைக்கு அவசியம் ஏற்படவில்லை.

இன்றைய தேர்வுகள் இவை அல்ல என்பார்கள். வாஸ்தவம். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் நர்ஸுக்குப் புரிய வேண்டும். அதைச் சோதிப்பதில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. ஆனால் சந்தேகிக்கும் பழக்கம் போய்விடவில்லை. 2014-ல் பிரிட்டனில் சில மையங்களில் ஆள்மாறாட்டம் நடந்ததை பி.பி.ஸி. படம்பிடித்துக் காட்டியது. தேர்வை நடத்திய அமெரிக்க நிறுவனம், 2011-க்குப் பின் அங்கு எழுதப்பட்ட 58 ஆயிரத்துச் சொச்சம் தேர்வுகளில் 97 சதவீதத்தைச் செல்லாதவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்றது. பிள்ளைகள் பலர் விஸாவை இழந்தார்கள். சிலர் தாங்கள் மோசடி செய்யவில்லை என்பதை வருஷக்கணக்கில் கோர்ட்டில் ஆங்கிலத்திலேயே வாதாடி நிரூபித்தார்கள்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவளை அவள் போக்கில் எழுதச் சொன்னேன். ராத்திரி ட்யூட்டியில், தூக்கம் வராத ஒரு கிழவர் மணி என்ன என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்ததை எழுதினாள். இலக்கணப் பிழை இருந்தது. அந்தக் கிழவரும் இருந்தார். பிழையைத் திருத்திக் கிழவரை விட்டுவைத்தேன். எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்து போயிற்று. அடுத்த தடவைக்கு மாதிரிக் கட்டுரைகளை வரவழைத்து, ஒருபுறம் இன்னது, மறுபுறம் இன்னது, முடிவாக என் கருத்து இன்னது என்ற வார்ப்பை அவளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். எந்தத் தலைப்பையும் அதில் ஊற்றலாம். எந்தக் கிழவரும் அதில் தங்க மாட்டார். இந்த மாதிரி உயிரில்லாத வாக்கியத்தைத் தமிழில் எழுதுகிறவர்களைப் பத்து வருஷமாக இப்படிப்பட்ட பத்திரிகைகளில் திட்டி வந்தவன் நான். அவள் தேறினாள். ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன், சந்தோஷமாகத்தான்.

பிரிட்டன் வைத்திருக்கும் ஒரு பட்டியலை அப்போதுதான் பார்த்தேன். ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசப்படும் நாடுகளின் குடிமக்களுக்கு விஸாவுக்கு மொழித் தேர்வு வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவோடு கயானாவும் ட்ரினிடாடும் அதில் உண்டு. இந்தியா இல்லை. 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன இடங்கள் அவை. மூன்சாமி, வீராசாமி என்று ஆங்கிலத்தில் எழுதப்படும் பெயர்கள் கயானாவில் இன்றும் இருக்கின்றன. மதராஸிகள் கொண்டுபோன காளியம்மன் பூஜையும் இருக்கிறது. அதில் பாடும் தமிழுக்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. அவர்கள் தேர்வு எழுத வேண்டியதில்லை.

தங்கையிடம் சொன்னேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "கயானா எங்கண்ணா இருக்கு?" என்றாள். தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் என்றேன்.